வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ஓ.எஸ்.? வியாபாரி கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்

முத்திரை போடாத எடைக்கல்லை நாம் கடையில் வைப்பதில்லை. கல்லாவைப் பூட்டாமல் இரவில் ஷட்டரை இறக்குவதில்லை. ஆனால் வங்கிக் கணக்கு, டீமேட் கணக்கு, ஜி.எஸ்.டி., வாடிக்கையாளர் பற்று வரவு அத்தனையும் அடங்கிய வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும், யாரோ ஒரு பையன் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுக் கொடுத்த ஓசி விண்டோஸை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். இது சரிதானா என்று நம் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. ஆனால் சரக்கை வாங்கும்போது என்ன கேட்க வேண்டும் என்பது நாற்பது வருட மொத்த வியாபாரத்தில் பழகிய விஷயம். அதே கேள்விகளை இங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

ஓ.எஸ். என்பது ஆபரேட்டிங் சிஸ்டம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மேனேஜர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேலைக்காரன் உள்ளே வரலாம், யாருக்கு எந்தச் சாவி, எந்தக் கணக்குப் புத்தகத்தை யார் திறக்கலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுதான். மேனேஜர் யோக்கியனாக இல்லாவிட்டால் கடையில் எத்தனை பூட்டு போட்டும் பிரயோசனம் இல்லை.

சந்தை வீட்டுக்கு வந்த கதை

ஒரு காலத்தில் பங்கு வாங்க வேண்டுமானால் செகண்ட் லைன் பீச்சில் இருந்த சென்னைப் பங்குச் சந்தையின் புரோக்கரைத்தான் பிடிக்க வேண்டும். 1994-ல் தேசியப் பங்குச் சந்தை கம்ப்யூட்டர் திரையிலேயே வர்த்தகத்தைத் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டில் இன்டர்நெட் மூலம் வர்த்தகம் செய்ய செபி அனுமதி கொடுத்தது. 1937 முதல் இயங்கிய சென்னைப் பங்குச் சந்தை 2015-ல் அந்தத் தொழிலிலிருந்தே விலகிக்கொண்டது. இன்று காலை 9.15 மணிக்கு மார்க்கெட் திறந்தால் மயிலாப்பூர் மாட வீதியிலும், தி.நகர் உஸ்மான் ரோட்டிலும், அடையாறு காந்தி நகரிலும் கடைக்காரர் ஒரு கண்ணை வாடிக்கையாளர் மேலும் ஒரு கண்ணைத் திரை மேலும் வைத்திருக்கிறார். இரவு வீட்டுக்குப் போனால் அதே கம்ப்யூட்டரில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், சப்ளையருக்கு என்.இ.எஃப்.டி., மறுநாள் ஆர்டர். சந்தை, வங்கி, பேரேடு மூன்றும் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன. முன்பு ஒரு இடத்தில் திருட்டுப் போனால் மற்ற இரண்டு இடம் தப்பும். இப்போது அப்படி இல்லை.

2025 அக்டோபரில் நடந்தது

நம்மில் பலர் இன்னும் வைத்திருப்பது விண்டோஸ் 10. 2015 ஜூலையில் வந்த அந்தச் சரக்குக்கு மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்ட தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருட நீட்டிப்பு உண்டு என்று அப்போது அறிவித்தது. கம்ப்யூட்டர் அந்தத் தேதியில் நின்றுபோய்விடவில்லை. வழக்கம்போல் ஓடும். அதுதான் ஆபத்து. புதிதாக ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வரமாட்டான். காவல்காரன் வேலையை விட்டுப் போன கோடவுனில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருப்பதைப் போல.

'சரி, விண்டோஸ் 11 போட்டுவிடலாம்' என்றால் எல்லாக் கம்ப்யூட்டரும் அதை ஏற்காது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் பிராசஸராக இருந்தால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப் வாங்கும் அன்பர்கள் இதைக் கவனிக்கவும். 'ஐ5' என்று சொல்லி விற்பார்கள். அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 6300 என்றால் 6-ஆம் தலைமுறை, 8250 என்றால் 8-ஆம் தலைமுறை. 6-ஆம் தலைமுறை மெஷின் ஓடும், ஆனால் முறைப்படி விண்டோஸ் 11 ஏறாது. மலிந்த சரக்கு கடைத்தெருவுக்கு வரும் என்பது நமக்குத் தெரியாததா?

அப்டேட் இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு ஒரு உதாரணம். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவியது. கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல்களையெல்லாம் பூட்டி வைத்துவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு என்று கேட்டது. திருமலை திருப்பதி தேவஸ்தான அலுவலகத்தின் சில கம்ப்யூட்டர்களும் அதில் மாட்டின. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்னதாகவே, மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டிருந்தவர்கள் தப்பினார்கள். போடாதவர்கள் அகப்பட்டார்கள்.

எனக்குத் தெரிந்த தி.நகர் பாத்திர வியாபாரி ஒருவருக்கும் தீபாவளிக்கு முன்பு இதே மாதிரி பூட்டு விழுந்தது. மூன்று வருட வெளிக்கடன் விவரம் போய்விட்டது. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போய், 'நீங்கள் எனக்கு எவ்வளவு தர வேண்டும், நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்டார். நல்லவர்கள் சொன்னார்கள். சிலர் 'அதைத்தான் போன மாதமே தீர்த்துவிட்டேனே' என்றார்கள். அவர் யாரிடம் போய் வழக்குப் போடுவார்? முதலுக்கே மோசம் என்பது இதுதான்.

ஓசியின் விலை

ஓசி விண்டோஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் யாரும் அதைத் தொடமாட்டார்கள். லைசென்ஸ் சோதனையை ஏமாற்ற ஒரு சிறு புரோகிராமை ஓட்டுவார்கள். அது ஓட வேண்டுமானால் முதலில் வைரஸ் பாதுகாப்பை அணைத்துவைக்கச் சொல்வார்கள். அந்தப் புரோகிராமை எழுதியவன் யார், எந்த ஊர், உள்ளே வேறு என்ன வைத்திருக்கிறான், நமக்குத் தெரியாது. காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு முகம் தெரியாதவனிடம் கோடவுன் சாவியைக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பிறகு அதே கம்ப்யூட்டரில் டீமேட் பாஸ்வேர்டை அடிக்கிறோம்.

சட்டமும் இருக்கிறது. 1957-ஆம் வருடத்திய காப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால் கோர்ட் சிறைத்தண்டனையை விட்டு அபராதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்தச் சலுகையை வியாபாரி கேட்க முடியுமா? வீட்டில் இருந்தாலும் அது தொழில் கம்ப்யூட்டர்தான்.

புது லேப்டாப் வாங்கும்போதும் இதே கண்ணி இருக்கிறது. 'டாஸ் லேப்டாப், விலை குறைவு' என்பார்கள். அதில் விண்டோஸ் லைசென்ஸ் கிடையாது. கடைப் பையன் 'நானே போட்டுத் தருகிறேன் சார்' என்று போட்டுத் தருவது பெரும்பாலும் ஓசிதான். இன்டர்நெட்டில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் 'ஒரிஜினல் கீ'யும் அப்படித்தான். பல ஆயிரம் பெறும் சரக்கை ஒருவன் ஐந்நூறுக்குக் கொடுத்தால், எங்கிருந்து வந்த சரக்கு என்று நாம் கேட்பதில்லையா?

லினக்ஸ் என்ற இன்னொரு வழி

காசு கொடுக்க விருப்பமில்லாதவர்களுக்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. அது லினக்ஸ். 1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கிவைத்து, உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வளர்த்தது. லைசென்ஸ் கட்டணம் இல்லை. எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் சட்டப்படி போட்டுக்கொள்ளலாம். உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று பல பெயர்களில் கிடைக்கிறது. 2024-ல் வந்த உபுண்டு 24.04, அதை அடிப்படையாகக் கொண்ட மின்ட் 22 இரண்டுக்கும் 2029 வரை இலவச அப்டேட் உண்டு. விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷினிலும் 4 ஜி.பி. ராம் இருந்தால் மின்ட் ஓடும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். வியாபாரி பார்த்துத்தான் ஆக வேண்டும். நம் தமிழ்நாட்டிலேயே எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்த காலத்தில், 2007-ஐ ஒட்டிய வருடங்களில் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பல மெஷின்களில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்பதும் இருந்தது. அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டார்கள். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருடமாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு செல்போனுக்கு உள்ளே இருப்பதும் லினக்ஸின் கருதான்.

பங்குச் சந்தைக்கு வருவோம். லண்டன் பங்குச் சந்தை ஒரு காலத்தில் மைக்ரோசாஃப்ட் தொழில்நுட்பத்தில் கட்டிய வர்த்தக முறையை வைத்திருந்தது. 2008 செப்டம்பரில் ஒருநாள் சுமார் ஏழு மணி நேரம் வர்த்தகம் நின்றுபோனது. அதற்கு விண்டோஸ்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அடுத்த வருடம் லண்டன்காரர்கள் இலங்கையில் உள்ள மில்லேனியம் ஐ.டி. என்ற கம்பெனியையே விலைக்கு வாங்கினார்கள். 2011 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி லினக்ஸில் செய்துகொடுத்த முறைக்கு மாறிக்கொண்டார்கள். லண்டன் சந்தைக்கே போதுமான நம்பகம், மயிலாப்பூரில் நாலு பங்கு வாங்கி விற்கும் நமக்குப் போதாதா?

உங்கள் வேலை என்ன?

ஆனாலும் எல்லோரும் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சு. எந்த ஓ.எஸ். என்பதை உங்கள் வேலைதான் முடிவு செய்ய வேண்டும். ஒரு தாளை எடுத்து, அந்தக் கம்ப்யூட்டரில் செய்யும் வேலைகளை வரிசையாக எழுதுங்கள். பிறகு கீழ்க்கண்டபடி பிரித்துப் பாருங்கள்.

1. பிரவுசரில் முடியும் வேலைகள். இன்டர்நெட் பேங்கிங், ஜி.எஸ்.டி. தளம், இ-வே பில், மெயில், வாட்ஸ்அப். ஜெரோதா, அப்ஸ்டாக்ஸ், ஐ.சி.ஐ.சி.ஐ. டைரக்ட் போன்ற புரோக்கர்களின் வெப் தளங்களும் இதில் சேரும். இதற்கெல்லாம் லினக்ஸ் தாராளமாகப் போதும்.

2. டேலி. இது விண்டோஸுக்காகவே செய்யப்பட்டது. உங்கள் கணக்கு முழுவதும் டேலியில் இருந்தால் அந்த ஒரு மெஷினுக்கு ஒரிஜினல் விண்டோஸ் வாங்கிவிடுங்கள். லினக்ஸில் டேலியை எப்படியாவது ஓட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பி இறங்க வேண்டாம். டேலி லைசென்ஸுக்குப் பணம் கட்டிவிட்டு, அது உட்காரும் பலகையை மட்டும் ஓசியில் வைப்பதில் அர்த்தமில்லை.

3. புரோக்கர் கொடுக்கும் டெஸ்க்டாப் சாஃப்ட்வேர். ஓடின் போன்றவை விண்டோஸில் ஓடுபவை. நாள் முழுவதும் வேகமாக வாங்கி விற்பவர்களுக்கு அது தேவைப்படலாம். வாரத்துக்கு இரண்டு முறை வாங்குபவருக்கு வெப் தளமே போதும்.

4. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. வைத்திருப்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.யில் இது தேவைப்படலாம். தனி உரிமையாளரும் கூட்டாளி நிறுவனமும் செல்போன் ஓ.டி.பி. மூலமே ரிட்டர்னை முடிக்கலாம். டோக்கன் உள்ளவர்கள் லினக்ஸில் அது வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்யவும்.

5. பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர். பெரும்பாலும் ஓடும். ஆனால் 'பெரும்பாலும்' என்பதை நம்பிச் சரக்கு எடுக்கக்கூடாது. உங்கள் மாடலைச் செருகிப் பாருங்கள்.

கடையில் டேலி மெஷின், வீட்டில் பிரவுசர் மெஷின் என்று இரண்டு வைத்திருப்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்: கடைக்கு ஒரிஜினல் விண்டோஸ் ஒன்று, வீட்டுக்கு லினக்ஸ் ஒன்று. பணம் போய்வரும் டீமேட், வங்கி வேலைகளை வீட்டு மெஷினில் மட்டும் செய்யுங்கள். அதில் பிள்ளைகள் கேம்ஸ் போட வேண்டாம்.

செலவுக் கணக்கு

விண்டோஸ் லைசென்ஸ் ரூ. 10,000 என்று வைத்துக்கொள்வோம். அன்றைய விலையை நீங்கள் விசாரித்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் ஓடினால் வருடத்துக்கு ரூ. 2,000. மாதத்துக்கு ரூ. 167. கடைப் பையன்களுக்கு வாங்கும் ஒரு நாள் டீச் செலவு. லினக்ஸுக்கு லைசென்ஸ் செலவு இல்லை. ஆனால் போட்டுத் தருபவருக்குக் கூலி, கணக்குப்பிள்ளை பழகும்வரை இரண்டு வாரத் தாமதம், இவை செலவுதான். இலவசம் என்று சொல்லி அதை மறைக்கக்கூடாது. இந்த இரண்டு தொகையையும் எழுதிவிட்டு, மூன்றாவதாக உங்கள் வெளிக்கடன் மொத்தத்தை எழுதுங்கள். ஓசி விண்டோஸில் பணயம் வைத்திருப்பது அந்த மூன்றாவது தொகையைத்தான்.

'லினக்ஸ் ரிப்பேரானால் ஆள் கிடைக்கமாட்டானே' என்ற கேள்வி நியாயமானது. விண்டோஸுக்குத் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார், லினக்ஸுக்கு இல்லை. ஆனால் சென்னையில் லினக்ஸ் பயனர் குழு பல வருடமாக இருக்கிறது. கணியம் 2012 முதல் தமிழிலேயே இந்த விஷயங்களை எழுதி இலவசமாகக் கொடுத்துவருகிறது. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்கும். கேட்டால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

மாற்றும் முறை

அவசரம் வேண்டாம். லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு, கம்ப்யூட்டரில் எதையும் அழிக்காமலே ஓட்டிப் பார்க்க முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஓட்டி, வங்கித் தளம், புரோக்கர் தளம், பிரிண்டர், தமிழ் டைப்பிங் நான்கையும் சோதியுங்கள். திருப்தி என்றால் முதலில் எல்லா ஃபைலையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, அது திறக்கிறதா என்றும் பார்த்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். மாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜி.எஸ்.டி. கெடு என்பதால் அதை ஒட்டி எதையும் கழற்ற வேண்டாம். எந்த ஓ.எஸ். ஆனாலும் வாரம் ஒரு நகல் எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி, பீரோவில் வையுங்கள். செருகியபடியே இருந்தால் வைரஸ் அதையும் பூட்டிவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். லினக்ஸ் போட்டதால் ஏமாறமாட்டோம் என்று நினைக்கக்கூடாது. ஓ.டி.பி.யை நாமே போனில் சொன்னால் எந்த ஓ.எஸ்.ஸும் காப்பாற்றாது. வாட்ஸ்அப் குரூப்பில் வரும் போலி டிரேடிங் ஆப்பும் அப்படியே. பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். லாபமும் ஓ.எஸ்.ஸால் வருவதில்லை. பங்குச் சந்தையின் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டதாக 2024 செப்டம்பரில் செபியே சொன்னது. நாலு திரை வைத்த விலையுயர்ந்த மெஷின் வாங்கும் முன் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளவும்.

சங்கம் செய்ய வேண்டியது

மூன்று கோரிக்கைகளை நிர்வாகிகள் முன் வைக்கிறேன். முதலாவது, சங்கக் கட்டடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லினக்ஸ் செயல்விளக்கம் நடத்த வேண்டும். உறுப்பினர்கள் தங்கள் பிரிண்டரையும் டோக்கனையும் கொண்டுவந்து சோதித்துப் பார்க்கட்டும். இரண்டாவது, விண்டோஸ் தேவைப்படும் உறுப்பினர்களின் பட்டியல் எடுத்து, ஒரே டீலரிடம் மொத்தமாகப் பில்லோடு லைசென்ஸ் வாங்க வேண்டும். நூறு மூட்டை எடுப்பவனுக்கு ஒரு விலை, ஒரு மூட்டைக்கு ஒரு விலை என்பது நமக்குப் புதிதல்ல. மூன்றாவது, ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கான ஆஃப்லைன் கருவியை விண்டோஸுக்கென்றே செய்திருக்கிறார்கள். வரி கட்டச் சொல்லும் அரசு, அதற்கான கருவியை லினக்ஸிலும் ஓடும்படி தர வேண்டும் என்று சங்கம் மனுக் கொடுக்க வேண்டும். நேர்மையாக வரி கட்டுகிறவன் அதற்காக ஒரு தனியார் கம்பெனியின் சரக்கை வாங்கியே தீர வேண்டும் என்பது நியாயமில்லை.

வசதி உள்ளவர் ஒரிஜினல் விண்டோஸ் வாங்கட்டும். செலவு வேண்டாம் என்பவர் லினக்ஸ் போடட்டும். இரண்டும் கௌரவமான வழி. பணம் புழங்கும் கம்ப்யூட்டரில் ஓசி மட்டும் வேண்டாம். அடுத்த புதுக்கணக்குக்கு மஞ்சள் குங்குமம் வைக்கும்போது கம்ப்யூட்டருக்கும் வைக்கிறோமே, அன்றைக்குள் உள்ளே இருக்கும் மேனேஜர் யார், எந்த பில்லில் வந்தவர் என்று ஒவ்வொரு உறுப்பினரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.